பாலைவன அல்ட்ரா மாரத்தான்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

அல்ட்ரா மாரத்தான் என்பது வழக்கமான மாரத்தானைவிட நீண்ட ஓட்டம். அவ்வளவு தூரம் எப்படி ஓடுவது என்று பயந்தே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. முழுவதும் ஓட வேண்டியதில்லை. மொராக்கோவின் சகாராவில் 1986 முதல் நடக்கும் மாரத்தான் தே சாப்ல போட்டியில், சுமார் 250 கி.மீ. தூரத்தைப் பல நாட்களில் பகுதி பகுதியாகக் கடக்கிறார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒட்டகங்கள் நடந்து வரும். அவை உங்களைத் தாண்டிப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. அவற்றுக்கு முன்னால் இருந்தால் போதும் என்பதால், பின்வரிசைக்காரர்கள் பெரும்பாலும் நடக்கிறார்கள்.

இந்தக் குறிப்புகள் அந்தப் பின்வரிசைக்குத்தான். ஒரு 10 கி.மீ. ஓடி முடிக்கத் தெரியும், கையில் ஒரு வருடம் இருக்கிறது, வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பணம் திரட்ட ஆசை. இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

படி 1: எந்த விலங்குக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஷூ வாங்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசி மூன்று மாதங்களைப் பயிற்சியே தின்றுவிடும். நன்கொடை கேட்க அப்போது நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

பாலைவன ஓட்டத்துக்குப் பாலைவன விலங்கைத் தேர்ந்தெடுத்தால் பேசுவதற்குப் பொருள் கிடைக்கும். அரேபிய ஓரிக்ஸ் என்ற மறிமான் 1972 வாக்கில் காட்டில் முற்றிலும் அழிந்தது. காப்பகங்களில் வளர்த்தவற்றை 1982 இல் ஓமனில் மீண்டும் விட்டார்கள். வளைந்த நீள் கொம்புகள் கொண்ட சகாரா ஓரிக்ஸை 2000 இல் காட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2016 இல் அது சாட் நாட்டில் திரும்ப விடப்பட்டு, இப்போது அங்கே குட்டி போட்டு வாழ்கிறது. நமீபியாவின் வறண்ட வடமேற்கில் கறுப்புக் காண்டாமிருகங்களை நடந்தே பின்தொடர்ந்து கண்காணிக்கும் குழுக்கள் இருக்கின்றன. "விலங்குகளைக் காப்போம்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்தக் கண்காணிப்பாளர்களின் சம்பளத்துக்கு" என்று கேட்டால் பணம் வரும்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். அமைப்பின் பெயரில் பணம் திரட்ட அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நன்கொடை நேராக அவர்கள் கணக்குக்கே போகட்டும்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் கறார். நுழைவுக் கட்டணம், விமானச் செலவு, ஷூ எல்லாம் உங்கள் பையிலிருந்து வர வேண்டும். சில அமைப்புகள் குறிப்பிட்ட தொகை திரட்டித் தந்தால் போட்டியில் இடம் தருகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அதில் எவ்வளவு உங்கள் பயணத்துக்குப் போகிறது என்பதை நன்கொடை தருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: போட்டியைத் தேர்ந்தெடுப்பது

தினமும் ஒரு தூரம், இரவில் முகாம் என்று பல நாள் நடக்கும் போட்டி புதியவர்களுக்கு ஏற்றது. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில், ஜூலை வெயிலில் 217 கி.மீ. தூரத்தை ஒரே மூச்சில் கடக்கும் பேட்வாட்டர் மாதிரியானவை இப்போது வேண்டாம். கால வரம்பு, குடிநீர் நிலையங்களுக்கு இடையிலான தூரம், மருத்துவக் குழு ஆகிய மூன்றையும் விதிப் புத்தகத்தில் தேடிப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

படி 3: அடித்தளம்

முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதயப் பரிசோதனைச் சான்றிதழைப் பல போட்டிகள் எப்படியும் கேட்கும்.

பிறகு வாரத்துக்கு நான்கு நாள். இரண்டு நாள் 40 முதல் 60 நிமிடம் மெதுவான ஓட்டம், அதாவது பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை, களைத்த காலோடே நீண்ட நடை. இந்த அடுத்தடுத்த இரண்டு நாட்கள்தான் பல நாள் போட்டிக்கான உண்மையான பயிற்சி. ஒரே நாளில் 60 கி.மீ. ஓடிவிட்டு ஒரு வாரம் நொண்டுவதைவிட, சனி 25, ஞாயிறு 20 என்று போவது எவ்வளவோ மேல். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

படி 4: மணலும் மூட்டையும்

மென்மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே நடையையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய அடி, வேகமான அடி, குதிகாலை அழுத்தாத நடை. மணல்மேட்டில் முன்னே போனவரின் காலடித் தடத்திலேயே மிதித்து ஏறினால் சறுக்கல் குறையும். அருகில் மணல் இல்லாவிட்டால் படிக்கட்டும் சரிவான பாதையும் போதும்.

முதுகுப்பையை 2 கிலோவில் தொடங்கிப் போட்டி எடை வரை மெல்ல ஏற்றுங்கள். முழு எடையோடு நடந்தால் போதும், ஓட வேண்டாம். முழங்கால் தாங்காது.

படி 5: வெயிலுக்கு உடலைப் பழக்குதல்

உடல் வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்தில் இதயத் துடிப்பு இறங்கும். பழகுவதை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். அதனால் இதைப் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஓடி முடித்த கையோடு 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர வேண்டும். 15, 20 நிமிடத்தில் தொடங்கி மெல்ல 40 வரை கூட்டலாம். வீட்டில் யாராவது அருகில் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே எழுந்துவிடுங்கள்.

வெப்பத் தாக்குதலின் அறிகுறியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்: உளறல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத கோபம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பக்கத்தில் வருபவருக்கு அப்படி ஆனால் உடனே உதவியை அழைத்து, காத்திருக்கும் நேரத்தில் நிழல், தண்ணீர், காற்று என்று எது கிடைத்தாலும் அதைக் கொண்டு குளிர வையுங்கள்.

படி 6: தண்ணீரும் உப்பும்

பாலைவனத்தில் குடிக்கக் குடிக்க நல்லது என்பது ஆபத்தான நினைப்பு. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. நீரிழப்பிலும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால், ஆள் இன்னும் குடித்து நிலைமையை மோசமாக்கிக்கொள்வார். விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது, வயிற்றில் தண்ணீர் குலுங்குகிறது என்றால் குடிப்பதை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் போங்கள்.

உங்கள் கணக்கை வீட்டிலேயே போடலாம். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். போட்டியில் அத்தனையையும் ஈடுகட்ட வேண்டாம், தாகத்துக்குக் குடித்தால் போதும். உப்பு மாத்திரையோ எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) தூளோ, எதுவானாலும் நீண்ட பயிற்சியில் சோதித்த பிறகே எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையை ஓட்டத்தின்போது தொடாதீர்கள். வெப்பமும் நீரிழப்பும் ஏற்கனவே சிறுநீரகத்தைப் படுத்திக்கொண்டிருக்கும்.

படி 7: பாதம்

நல்ல உடல் தகுதியோடு வந்தவர்களைக்கூட வீட்டுக்கு அனுப்புவது கொப்புளங்கள்தான். வெப்பத்தில் நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். அதனால் ஷூ அரை அளவோ ஒரு அளவோ பெரிதாக இருக்கட்டும். மணல் புகாமல் ஷூவின் மேல் மூடும் துணி உறை, அதாவது கெய்ட்டர், கட்டாயம். ஷூவைச் சுற்றி வெல்க்ரோ பட்டையைத் தைத்து அதன்மேல் ஒட்டுவதே நம்பகமான முறை. வெறும் பசை வெயிலில் இளகிப் போகும். தைக்கும்போது ஷூ இறுகிவிடாமல் பாருங்கள்.

பாதத்தில் ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், போய்ச் சேரும்போது கொப்புளமே வந்திருக்கும். வந்துவிட்டால் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள். இதையெல்லாம் பயிற்சிக் காலத்திலேயே கை பழகிக்கொள்ள வேண்டும்.

படி 8: பைக்குள் என்ன

மாரத்தான் தே சாப்லவில் பை 6.5 முதல் 15 கிலோ வரை, உணவு நாளுக்குக் குறைந்தது 2,000 கலோரி என்பது வழக்கமான விதி. தண்ணீரை அவர்கள் தருவார்கள், உணவை நீங்களே சுமக்க வேண்டும். 9 கிலோவுக்குள் முடிக்கப் பாருங்கள். வெயிலில் இனிப்பு திகட்டும், உப்புச் சுவையுள்ளதையும் வையுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம், பாலைவன இரவு குளிரும். விசில், திசைகாட்டி, சமிக்ஞைக் கண்ணாடி, தலைவிளக்கு எல்லாம் கட்டாயப் பொருட்களின் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1994 இல் இத்தாலிய ஓட்டக்காரர் மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் நிற்காமல் போய் வழி தவறினார். பல நாள் கழித்து அல்ஜீரியாவுக்குள்தான் கிடைத்தார். புயல் வந்தால் முகத்தை மூடிக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்காருங்கள்.

படி 9: போட்டி நாட்களும் அதன் பிறகும்

முதல் நாள் எல்லோரும் உங்களைத் தாண்டி ஓடுவார்கள். விடுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். விலங்கைக் கண்டால் படமெடுக்க நெருங்காதீர்கள். அது விரண்டு ஓடினால், அந்த வெயிலில் அதற்கும் நீரிழப்புதான். குப்பை ஒரு துண்டுகூட விழக் கூடாது. தண்ணீர் புட்டியில் உங்கள் எண்ணை எழுதித் தந்து, கீழே போட்டால் தண்டனை தந்த போட்டிகள் உண்டு.

திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் கணக்கு அனுப்புங்கள்: மொத்தம் எவ்வளவு வந்தது, அமைப்பு தந்த ரசீது, எந்த வேலைக்குப் போகிறது. பாதியில் விலகியிருந்தாலும் அதை மறைக்காமல் எழுதி, இதே கணக்கை அனுப்ப வேண்டும்.