சேற்றுப் பந்தய பைக்கின் சக்கர பேரிங்

மோட்டோகிராஸ் பைக்கின் சக்கர பேரிங்கைக் கெடுப்பது வேகத்தைவிட, பந்தயம் முடிந்ததும் நாம் பீய்ச்சும் தண்ணீர்தான். ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் (தூசியையும் நீரையும் தடுக்கும் ரப்பர் மூடியின்) விளிம்பு வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆறவிட்டுக் கழுவுங்கள், பிரஷர் வாஷரின் முனையைச் சக்கர அச்சான ஆக்சில் பக்கம் திருப்பவே வேண்டாம்.

புதிய 2ஆர்எஸ் (இருபக்கமும் ரப்பர் சீல் உள்ள) பேரிங்கில் காலியிடத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே பெரும்பாலும் கிரீஸ் இருக்கும். தார்ச்சாலை வேகத்துக்கு அதுவே சரி; கூடினால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும். சேற்றுக்கு மட்டும், ரப்பர் சீலை அதன் உள்விளிம்பில் மெல்லிய ஊசியால் நெம்பி எடுத்து, நீரில் கரையாத கிரீஸைச் சற்றுத் தாராளமாக வைக்கலாம். பாலியூரியா கிரீஸோடு லித்தியம் கிரீஸைக் கலக்காதீர்கள், இரண்டும் இளகி ஓடிவிடக்கூடும். ஹப் சீலின் விளிம்புக்கும் ஸ்பேசருக்கும் (ஆக்சிலில் இடைவெளி காக்கும் வளையத்துக்கும்) ஒரு மெல்லிய பூச்சு போதும்.