நோயில் படுத்த முதியவரின் மூளையைக் காப்பது எப்படி: உப்பிட்ட கஞ்சி முதல் இரவு உறக்கம் வரை

எழுபது வயதைக் கடந்த ஒருவர் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ படுத்துவிட்டால், நெஞ்சுச் சளியையும் சிறுநீரையும் கவனிக்கும் அளவுக்கு அவருடைய மூளையை வீட்டார் கவனிப்பதில்லை. ஆனால் பல முதியவர்களுக்கு நோயின்போது முதலில் தடுமாறுவது மூளைதான். நேற்றுவரை வீட்டுக் கணக்கைத் தாமே பார்த்துவந்தவர், படுத்த இரண்டாம் நாள் மாலையில், எப்போதோ இறந்துபோன அண்ணன் வந்துவிட்டாரா என்று கேட்பார். சொந்த வீட்டுக் கட்டிலில் இருந்துகொண்டே "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அழுவார். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். ஊர்களில் ஜன்னி கண்டுவிட்டது, பிதற்றுகிறார் என்பார்கள். வயதானால் இப்படித்தான் என்று இதை விட்டுவிடக் கூடாது. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. இந்தக் குழப்பமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ வந்து, காலையில் தெளிந்து மாலையில் கூடி, காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் நீங்கிவிடுவது.

இதற்கு அமைதியான இன்னொரு முகமும் உண்டு. கூச்சலும் பிதற்றலும் இல்லாமல், கூப்பிட்டால் கண் திறந்து மறுபடியும் மயங்கி, சாப்பாட்டைக் கேட்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு கிடப்பார்கள். "அசதியில் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்" என்று வீட்டார் விட்டுவிடுவதால், இந்த வகையே அதிகம் தவறவிடப்படுகிறது.

இந்தக் குழப்பத்தைக் கணிசமான அளவுக்கு மருந்தில்லாமலே தடுக்கலாம் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனூயே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளியானது. நேரத்துக்கு நீர் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, கண்ணாடியும் செவிக்கருவியும் மறக்காமல் அணிவிப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பாலும் முதுகு நீவலும் மெல்லிய இசையும், பகலில் பேச்சுத்துணை ஆகியவைதான் அங்கே கொடுக்கப்பட்ட சிகிச்சை. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் குழப்பம் வந்தது. இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. குழப்பம் வந்துவிட்ட பிறகு இதே முறைகளால் கிடைத்த பயன் குறைவு. எனவே பின்வருபவற்றை முதியவர் படுத்த முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

நீரும் உப்பும்

முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடலில் நீர் வற்றினாலும் நாக்கு கேட்காது. ஆகவே "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்பதில் பயனில்லை, "வேண்டாம்" என்றே பதில் வரும். கேட்காமல், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை டம்ளர், அதாவது 100 முதல் 150 மில்லி, கையில் கொடுத்து உடனிருந்து குடிக்கவையுங்கள். உடல்நலத்தோடு இருக்கும் முதியவர்களுக்கே நாளொன்றுக்குப் பெண்களுக்கு 1.6 லிட்டரும் ஆண்களுக்கு 2 லிட்டரும் பானங்களாகச் சேர வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. காய்ச்சலோ பேதியோ இருந்தால் தேவை இன்னும் கூடும். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மட்டும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவே அளவு.

வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. வாந்தியிலும் பேதியிலும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகிறது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த இழப்பு இன்னும் அதிகம். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது விரைவாகக் குறையும்போது மூளைச் செல்கள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. தலைவலி, குமட்டல், குழப்பம், மயக்கம், வலிப்பு என்று அடுத்தடுத்து வருவது இதனால்தான். "அம்மாவுக்கு உப்பு குறைஞ்சிடுச்சாம், ஐ.சி.யூ.வில் வெச்சிருக்காங்க" என்று நாம் அடிக்கடி கேள்விப்படுவதில் பலவும் இப்படித் தொடங்கியவையே.

ஆகவே பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் முதல் தேர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதுமாகக் கலக்க வேண்டும். சிறு பொட்டலங்களும் விற்பதால், எவ்வளவு நீருக்கு என்பதை உறையில் படித்துவிட்டுக் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இளநீர் நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. எனவே உப்புக் குறைவுக்கு அது மருந்தாகாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது தீங்காகவும் முடியலாம்.

கஞ்சி, பருப்பு, முட்டை

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல்காரருக்கு இரண்டு நாள் பட்டினி நல்லது என்ற பழைய எண்ணம் இளைஞருக்குப் பெரிய கேடு செய்யாமல் போகலாம். மெலிந்த முதியவருக்கு அது பொருந்தாது. நான் பரிந்துரைப்பது புழுங்கலரிசிக் கஞ்சி. அதற்குக் காரணம் இருக்கிறது. 1890-களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு நரம்பு நோய் வந்து கால்கள் துவள்வதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார்; 1929-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தவிட்டில் இருந்தது தயமின் எனப்படும் வைட்டமின் பி1. குளுக்கோஸை மூளை ஆற்றலாக மாற்றிக்கொள்ள இது இன்றியமையாதது. உடலில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே தாங்கும். நெல்லை அவிக்கும்போது தயமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது கூடுதலாகத் தங்கியிருக்கும்.

செய்முறை எளிது. அரை டம்ளர் புழுங்கலரிசியை வெறும் வாணலியில் லேசாகப் பொரியும்வரை வறுத்து, மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றி நொய்யாக்கிக்கொள்ளுங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை தனியாக வறுத்து, அரை தேக்கரண்டி சீரகத்தோடும் இரண்டு பல் பூண்டோடும் சேர்த்து, ஆறு டம்ளர் நீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். இறக்கிய பிறகு உப்பிட்டு நன்றாக மசித்தால், கரண்டியிலிருந்து கட்டியாக விழாமல் ஒழுகும் பதத்தில் இருக்க வேண்டும். வேளைக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்து மிரளவைக்காமல், இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை முக்கால் டம்ளர் கொடுங்கள். வாய்க்குப் பிடித்தால் ஒரு தேக்கரண்டி நெய் விடலாம்.

கஞ்சியோடு நின்றுவிடவும் கூடாது. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவைப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு என்று கணக்கிட்டால், கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் வீட்டில் இந்த அளவு எட்டவே எட்டாது என்பது விளங்கும். அவித்த முட்டை, தயிர், மசித்த பருப்பு, முள் நீக்கிய மீன் என்று எது இறங்குமோ அதைக் கொடுங்கள். டயாலிசிஸ் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

உணவு கொடுக்கும்போது முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, பல்செட் இருந்தால் மாட்டிவிட்டு, சிறு சிறு வாயாகக் கொடுத்து, முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருங்கள். அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றவே ஊற்றாதீர்கள்; அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

சர்க்கரை நோயாளிகளிடம் இன்னொரு கவனம் தேவை. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும்போது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை வழக்கம்போலக் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, அதுவே குழப்பமாக வெளிப்படும். குழப்பம் கண்டவுடன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள்.

உறக்கம், வெளிச்சம், கண்ணாடி

பகலில் சன்னலைத் திறந்து வெளிச்சம் படவைத்து, முடிந்தவரை நாற்காலியில் உட்காரவையுங்கள். கைப்பிடித்து நாளுக்கு மூன்று முறை கூடம்வரை நடக்கவையுங்கள். காலைக் காபி பழகியவருக்கு அதைத் தடுக்க வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காபியும் தேநீரும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் தொலைக்காட்சியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கழிவறை வழியில் மட்டும் சிறு விளக்கை விட்டுவையுங்கள். அவசியமில்லாத மாத்திரைக்காக நடுநிசியில் எழுப்பாதீர்கள்.

கண்ணாடியும் செவிக்கருவியும் அலமாரியில் இருந்தால், மங்கலாகத் தெரியும் சட்டை மனிதனாகிவிடும். பாதி காதில் விழுந்த பேச்சு சதியாகிவிடும். விழித்ததும் அவற்றை அணிவியுங்கள். பெரிய எழுத்து நாட்காட்டியையும் கடிகாரத்தையும் கண் எதிரே மாட்டுங்கள். "அம்மா, நான் உங்க மக வந்திருக்கேன், இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, நம்ம வீட்லதான் இருக்கீங்க" என்று ஒவ்வொரு முறையும் நிதானமாகச் சொல்லுங்கள். தவறாகப் பேசினால் வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள்; பயம் கூடும், தெளிவு கூடாது.

மலம் மூன்று நாள் கட்டினாலும், சிறுநீர் அடைத்தாலும், வலியைச் சொல்ல முடியாமல் தவித்தாலும் குழப்பம் வரும். கடைகளில் கேட்டு வாங்கும் சளி, இருமல் மருந்துகள் பலவற்றில் உள்ள குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் ஆகியவை முதியவரின் மூளையை நேரடியாகக் குழப்புபவை. தூக்க மாத்திரையும் அப்படியே. ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவரும், தினமும் மது அருந்துபவரும் திடீரென்று நிறுத்தினாலும் குழப்பமும் நடுக்கமும் வரும் என்பதால், அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

மூலிகைகள் பற்றி

வல்லாரையும் நீர்ப்பிரமியும் நினைவாற்றலுக்குப் பெயர்பெற்றவை. நீர்ப்பிரமியை வைத்து நடந்த சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அவை நலமாக உள்ளவர்களுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்துக் கண்டவை. காய்ச்சலில் குழம்பிக்கிடப்பவரை இன்று மாலைக்குள் தெளியவைக்க அவற்றால் முடியாது. நீர்ப்பிரமி வயிற்றையும் புரட்டும். மிளகு, மஞ்சள் சேர்ந்த ரசமும் பாலும் உணவு அளவில் நல்லவை. மஞ்சள் சத்து மாத்திரையை இரத்தம் உறையாமைக்கான மருந்தோடு சேர்க்க வேண்டாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து கொடுத்தால் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறும். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களைத் தகுதிபெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துத் தந்தாலன்றி இந்த நேரத்தில் தொடவே வேண்டாம். இயற்கையானது என்பதாலேயே ஒன்று மூளைக்குத் தீங்கற்றதாகிவிடாது. ஊமத்தையும் இயற்கையில் விளைவதுதான், அது உண்டாக்குவதும் இதே பிதற்றலைத்தான்.

எப்போது மருத்துவமனை

காலையிலும் மாலையிலும் கிழமைகளைச் சனியிலிருந்து ஞாயிறுவரை பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நேற்றுச் சொன்னவர் இன்று இடையில் நின்றுவிட்டால், அதையே முதல் அறிகுறியாகக் கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நிமோனியா, சிறுநீர்த்தொற்று, சோடியக் குறைவு ஆகிய எதுவும் இதன் பின்னே இருக்கலாம். ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது, வலிப்பு, கழுத்து விறைப்போடு காய்ச்சல், விழுந்து தலையில் அடிபட்டது, எழுப்பியும் எழாதது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். பல நாள் வாந்தி எடுத்தவரோ மதுப்பழக்கம் உள்ளவரோ நடையில் தள்ளாடி, பார்வை இரட்டையாகி, குழம்பினால், அது தயமின் குறைவாக இருக்கக்கூடும். குளுக்கோஸ் ஏற்றும் முன்போ கூடவோ தயமின் ஊசி போட வேண்டும் என்பதால், வாந்தி எத்தனை நாளாக இருக்கிறது என்பதைச் சேர்ந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

புறப்படும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கிய இருமல் மருந்தையும் லேகியத்தையும் விடாமல் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குழப்பம் எந்த நாள் எந்த நேரத்தில் தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, கண்ணாடி, பல்செட், செவிக்கருவியோடு எடுத்துச் செல்லுங்கள்.