முதல் வகுப்புக்கு ஒரு வாழைப்பழம்

தஞ்சாவூரில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்த தைரியத்தில்தான் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு துணைப்பாட (டியூஷன்) நிலையத்துக்குள் ஆசிரியராக நுழைந்தேன். எதிரே தொடக்கநிலை 1, அதாவது முதல் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஒரு சீனப் பெண்பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ஐ ஈட் ஆல்ரெடி, டீச்சர்" என்றாள். "நோ, ஐ ஹேவ் ஈட்டன்" என்று திருத்தி, மூன்று முறை சொல்லவும் வைத்தேன். அதன்பின் இரண்டு வாரம் அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே ஆங்கிலம் வெறும் பாடம் இல்லை. 1987 முதல் எல்லாப் பள்ளியிலும் பயிற்றுமொழியே அதுதான். கணக்கு, அறிவியல் எல்லாம் அதில்தான். ஆகவே ஊரில் செய்வதுபோல் கரும்பலகையில் சொல்லும் பொருளும் எழுதிப்போடத் தேவையில்லை. பிள்ளைகள் கடகடவென்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் எந்த வீட்டு மொழி ஓடுகிறது என்று காதுகொடுத்துக் கேளுங்கள். மலாயிலும் சீனத்திலும் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. மலாயில் 'சுடா மாக்கான்' என்றால் சாப்பிட்டாயிற்று. அந்த 'சுடா' செய்யும் வேலையைத்தான் அவளுடைய 'ஆல்ரெடி' செய்தது. 'ஓப்பன் த லைட்' என்றால் சீனமோ மலாயோ பேசும் வீடு. 'புட் த லைட்' என்றால் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. அம்மா 'லைட்டைப் போடு' என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தது.

காலத்தைச் சொல்லித்தர நான் கடைசியில் நம்பியது ஒரு வாழைப்பழத்தை. பழத்தை உயர்த்திப் பிடித்து, "ஐ ஆம் கோயிங் டு பீல் இட்." மெதுவாக, மிக மெதுவாகத் தோலை இழுத்துக்கொண்டே, "ஐ ஆம் பீலிங் இட்." தோலை மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்து, "ஐ பீல்ட் இட்." தோல் அங்கேயே கிடக்கட்டும். வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு ஒவ்வொருவராக வந்து தோலைத் தொட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். யாராவது 'யூ பீல் ஆல்ரெடி' என்றால் "யெஸ், ஐ பீல்ட் இட்" என்று பதிலாக மட்டும் சொல்லுங்கள். திருப்பிச் சொல்ல வைக்காதீர்கள். சரியான வடிவம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதும். அந்தப் பெண்பிள்ளை மூன்றாம் வாரம் தோலைச் சுட்டிக்காட்டி, தானாகவே "டீச்சர் பீல்ட்" என்றாள். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உச்சரிப்பில் முதலில் நம்மைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் ஆங்கில 'f' ஒலி இயல்பாக இல்லை. 'ஃபேன்' நம் வாயில் எளிதாகப் 'பேன்' ஆகிவிடும். இங்குள்ள பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு: 'த்ரீ' 'ட்ரீ' ஆகும், 'ஃபாஸ்ட்' கடைசி 'ட்' இல்லாமல் நிற்கும். தொடக்கநிலை 6 இறுதித் தேர்வில் ஆங்கிலத்துக்குள்ள 200 மதிப்பெண்ணில் 40 வாய்மொழிக்கு; உரக்க வாசிப்பதும் ஒரு படத்தை வைத்து உரையாடுவதும் அதில் அடக்கம். ஆனால் ஏழு வயதில் அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். வட்டார நூலகத்திலிருந்து படக்கதை ஒன்றை எடுத்துவந்து, ஆளுக்கொரு பக்கம் வாசிக்க விடுங்கள்.

இங்குள்ள பேச்சு ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா' போட்டுப் பேசினால் தடுக்காதீர்கள். அது அவர்கள் விளையாட்டுத்திடலில் பேசும் மொழி. வகுப்பில் எழுதும்போது வேறு சட்டை போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னால் ஆறு வயதுக்கும் புரிகிறது.

இங்கே வேலை பார்க்கும் கணவரோடு டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தாருக்கான தங்கும் அனுமதி அட்டை) வந்திருக்கும் தங்கைகளுக்கு ஒன்று. 2021 மே முதல் அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, தனியாக வேலை அனுமதி வேண்டும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டே முதல் மாணவரை ஒப்புக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெற்றோர் முதல் வாரமே "டீச்சர், பையன் எப்படி?" என்று வாசலில் நிற்பார்கள். மதிப்பெண் சொல்லாமல், அன்று அவன் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லிக் காட்டுங்கள். நான் ஒரு சிறு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி வீதம் தினமும் எழுதி வைக்கிறேன்.