போலீஸ் மீது புகார், போலீஸுக்குப் பாராட்டு: இரண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறையினர் மீது கொடுக்கப்படும் பல மனுக்கள், குறை உண்மையாக இருந்தும் ஒன்றுமில்லாமல் முடித்துவைக்கப்படுகின்றன. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்பது அவற்றில் இருக்காது. கோபம் மட்டும் நாலு பக்கத்துக்கு இருக்கும். நன்றாக வேலை பார்த்த காவலருக்குச் சேர வேண்டிய பாராட்டும் இதே காரணத்தால்தான் ‘ரொம்ப நன்றி சார்’ என்பதோடு நின்றுபோகிறது. தமிழ்நாட்டு நடைமுறையில் மக்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் இவை.

எல்லாக் குறையையும் ஒரே மனுவில் கொட்டுவது

‘வீட்டில் திருடு போய்விட்டது, எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள், கேட்கப் போனால் எஸ்.ஐ. அசிங்கமாகத் திட்டினார்’ என்று ஒரே மனுவாக எஸ்.பி. அலுவலகத்தில் கொடுப்பார்கள். அது அதே ஸ்டேஷனுக்கு வரும். திருட்டுக்கு ஒரு வழக்கைப் பதிந்துவிட்டு, ‘மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று அறிக்கை போய்விடும். திட்டிய விவகாரம் அதோடு புதைந்துவிடும். வழக்குப் பதிய மறுப்பதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. நடத்தை பற்றிய புகார் துறைரீதியான ஒழுங்கு நடவடிக்கையில் சேரும். இரண்டையும் தனித்தனி மனுவாக எழுதுங்கள்.

வழக்குப் பதியும் விஷயத்தில் அடிக்கடி நடப்பது, சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வருவது. சி.எஸ்.ஆர். என்பது மனு பெறப்பட்டதற்கான ரசீது, அவ்வளவுதான். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலும் கொடுக்கலாம். ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அந்த 14 நாளை ‘இழுத்தடிப்பு’ என்று எழுதினால் உங்கள் மனுதான் பலவீனமாகும்.

மறுத்தால் அடுத்த படி எஸ்.பி. புகாரின் சாரத்தை அவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், போய்ச் சேர்ந்த விவரத்தின் பிரிண்டையும் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் அதே சட்டத்தின் 175(3) பிரிவில் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய சான்று இல்லாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வரும். வக்கீல் பீஸும் இரண்டு மாதமும் வீணாகும்.

ஆளும் நேரமும் இல்லாத மனு

‘ஸ்டேஷனில் உள்ளவர்கள் லஞ்சம் கேட்கிறார்கள், மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள்’ என்ற வரியை வைத்து எந்த அதிகாரியாலும் யாருக்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடியாது. காவலர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை, 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கிறது. சிறு தண்டனைக்கு விதி 3(ஏ), பெருந்தண்டனைக்கு விதி 3(பி). இரண்டுக்கும் குற்றச்சாட்டைத் தேதி, இடத்தோடு எழுதியாக வேண்டும். அந்த விவரத்தை உங்கள் மனுதான் தர முடியும்.

எழுத வேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘12.03.2025 புதன்கிழமை மாலை 6.40 மணிக்கு, வரவேற்பு மேசையில் இருந்த முதல் நிலைக் காவலரிடம் மனுவைக் கொடுத்தேன். அவருடைய பெயர்ப்பட்டையில் இருந்த பெயர் இது. அவர் மனுவை வாங்காமல் இன்ன வார்த்தையைச் சொன்னார். அப்போது என் தம்பியும் உடன் இருந்தார். 7.05-க்கு வெளியே வந்து 100-க்கு அழைத்தேன்.’ பேசிய கெட்ட வார்த்தையை நாகரிகம் கருதி ‘தகாத வார்த்தை’ என்று மாற்றாதீர்கள், சொன்னபடியே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் சீருடைப் பட்டை, ரோந்து வண்டி எண், உயரம், கண்ணாடி அணிந்தவரா என்பது போதும். அன்றைய பணிப் பட்டியலை வைத்து ஆளை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வரி: ‘இந்த மனுவை அதே ஸ்டேஷனுக்கு அனுப்பாமல், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.’ இந்த வரி இல்லாத மனு சுற்றிவிட்டு, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே வந்து சேரும்.

முதல்வர், டி.ஜி.பி., கலெக்டர், எம்.எல்.ஏ. என்று பதினைந்து பேருக்கு நகல் அனுப்பினால் அழுத்தம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. எல்லா நகலும் கீழே இறங்கி ஒரே அதிகாரியிடம் சேரும், ஒரே அறிக்கையில் பதினைந்தும் முடிந்துவிடும். ஒருவருக்கு அனுப்புங்கள், 30 நாள் பொறுங்கள், பிறகு ஆர்.டி.ஐ. என்ற தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு மீது எடுத்த நடவடிக்கையையும் விசாரணை அறிக்கை நகலையும் கேளுங்கள். பல மாவட்டங்களில் புதன்கிழமைகளில் எஸ்.பி. நேரடியாக மனு வாங்குகிறார். தபாலைவிட அது நல்லது.

ஆதாரம் அழியும்வரை காத்திருப்பது

மற்ற எல்லாத் தவறையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த வழியில்லை.

காவல் நிலையங்களில் ஒலியோடு கூடிய சிசிடிவி வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது என்பதற்காகப் பதிவு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, சிறைக்காவலில் இருந்தபோது தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஹார்டு டிஸ்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். ஆகவே சம்பவம் நடந்த மறுநாளே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு, ‘இந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்’ என்று எஸ்.பி.க்கும் ஸ்டேஷனுக்கும் எழுதுங்கள். புகார் மனு ஒரு வாரம் கழித்துப் போனாலும் பரவாயில்லை, இந்தக் கடிதம் தாமதிக்கக்கூடாது. பதிவு பிறகு காணாமல் போனாலும், கேட்ட தேதி உங்கள் பக்கம் நிற்கும்.

அடிபட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவது பெரிய தவறு. அரசு டாக்டர் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொல்வதை எழுதுவார். ‘கீழே விழுந்தேன்’ என்று பயத்தில் சொன்னால் அதுவே பதிவாகி, கடைசிவரை எதிர்த்தரப்பின் ஆதாரமாக நிற்கும். கைதானவர் என்றால் மருத்துவப் பரிசோதனையின்போதும், ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதும் சொல்ல வேண்டும். ‘போலீஸ் மீது புகார் உண்டா’ என்று மாஜிஸ்திரேட் கேட்கும் அந்த அரை நிமிடத்தில் தலையை ஆட்டி ‘இல்லை’ என்றவர்கள், பிறகு அதை மாற்றப் படாதபாடு படுகிறார்கள்.

மொபைலில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டு, போனில் இருந்த அசலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கும். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு அசல் கோப்பு வேண்டும். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்த ரீல்ஸ் வைரலாகும், வழக்குக்கு உதவாது.

விசாரணைக்குப் போகாமல் இருப்பதும், படிக்காமல் கையெழுத்துப் போடுவதும்

மனு மீது விசாரணைக்கு அழைப்பு வரும். பயத்தில் போகாமல் இருந்தால் ‘மனுதாரர் ஆஜராகவில்லை’ என்று முடிப்பார்கள். போக முடியாவிட்டால் வேறு தேதி கேட்டு எழுத்தில் கொடுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு சொல்கிறது. விசாரணை முடிவில் நீட்டப்படும் தாளில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

தவறான கதவைத் தட்டுவது

லஞ்சம் கேட்டால் எஸ்.பி.யைவிட லஞ்ச ஒழிப்புத் துறைதான் சரியான இடம். இலவச எண் 1064. முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்வது ஆபத்து. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவித்தால்தான் பாதுகாப்பு.

அடி, சட்டவிரோதக் காவல், அவமதிப்பு என்றால் மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் விசாரிக்க முடியாது. பெயரில்லாத மனுவை எடுக்க மாட்டார்கள். அரசு அதன் பரிந்துரைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்த பிறகு ஆணையத்துக்கு வலு கூடியிருக்கிறது. காவல்துறைப் புகார் ஆணையத்தைப் பொறுத்தவரை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைய வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. சுதந்திரமான விசாரணை வேண்டுமானால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நடக்காததைச் சேர்த்து எழுதாதீர்கள். பொய்த் தகவலுக்கு பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 217-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. அதைவிட, ஒரு பொய் வரி வெளிப்பட்டால் மீதி உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாராட்டை வீணாக்குவது

குறை சொல்ல நாலு பக்கம் எழுதும் நாம், நல்லது நடந்தால் நாலு வரிகூட எழுதுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். காவலரின் பணிப் பதிவேட்டில் தண்டனைக்கு இடம் இருப்பதுபோல ஜி.எஸ்.இ. என்ற நற்பணிக் குறிப்புக்கும் ரொக்க வெகுமதிக்கும் இடம் இருக்கிறது. அதை வழங்க உயர் அதிகாரியிடம் காரணம் இருக்க வேண்டும். பொதுமக்களின் கடிதம் நல்ல காரணம்.

எஸ்.பி.க்கு, மாநகரமானால் ஆணையருக்கு அனுப்புங்கள். ‘உங்கள் ஸ்டேஷன் சூப்பர்’ என்பது பயன்படாது. தேதி, நேரம், வழக்கு எண் அல்லது சி.எஸ்.ஆர். எண், காவலரின் பெயர், அவர் செய்த வேலை ஆகியவை வேண்டும். இன்ஸ்பெக்டர் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். தொலைந்த பாட்டியைத் தேடி ராத்திரி முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் அலைந்தவர் பெரும்பாலும் ஒரு காவலரோ தலைமைக் காவலரோதான்.

நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதலும் உண்டு. ‘ஹெல்மெட் இல்லாமல் போனேன், பாவம் பார்த்து விட்டுவிட்டார்’ என்று முகநூலில் புகழ்ந்தால் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். மீட்கப்பட்ட குழந்தையின் போட்டோவோடு நன்றிப் பதிவு போடாதீர்கள். பாதிக்கப்பட்ட, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. பணமோ பொருளோ கொடுக்கவே வேண்டாம். உங்கள் வழக்கை விசாரிப்பவர் என்றால், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு எழுதுங்கள்; முன்பே எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

ஒரே சம்பவத்தில் புகாரும் பாராட்டும் சேர்ந்தே வரலாம். சாத்தான்குளம் சம்பவத்தில் இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியமாகச் சொன்னவர் அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர்தான். உங்கள் மனுவிலும், திட்டியவர் யார் என்று எழுதும்போது, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து மனுவை வாங்கிக்கொண்டவர் யார் என்பதையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். விசாரணை அதிகாரிக்கு அவர் ஒரு சாட்சி. மனுதாரர் எல்லோரையும் குறை சொல்ல வந்தவர் இல்லை என்பதும் அந்த அதிகாரிக்குத் தெரியும்.