மாணவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போவது எப்படி: ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

நீதித்துறை பாடத்தை நடத்தி முடித்ததும் பிள்ளைகளை ஒருமுறை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். யாரைக் கேட்பது என்று தெரியாமல் பலர் அந்த எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. சட்ட விழிப்புணர்வை வளர்ப்பது, 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அந்த அமைப்புக்குக் கொடுத்திருக்கும் கடமை. எனவே தயங்காமல் கேளுங்கள். முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலைகளைப் பார்க்கும் செயலாளரும் ஒரு நீதிபதிதான். அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தாலுகா ஊர் என்றால் அங்குள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம்.

தலைமை ஆசிரியர் கையெழுத்துடன் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த வகுப்பு, எத்தனை மாணவர்கள், உடன் வரும் ஆசிரியர்கள் யார், அவர்களுடைய கைபேசி எண் ஆகியவற்றோடு வசதியான மூன்று தேதிகளையும் எழுதுங்கள். ஒரே தேதியைக் கேட்டால் அன்று நீதிபதி விடுப்பில் இருக்கலாம், வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இருக்கலாம். நவம்பர் 9 சட்டப்பணிகள் தினம், நவம்பர் 26 அரசியலமைப்பு தினம். அந்த வாரங்களில் பல பள்ளிகளும் அழைக்கும் என்பதால் வேறு வாரமே நல்லது. மாணவர்கள் முப்பது பேருக்கு மேல் வேண்டாம். பார்வையாளர் பெஞ்சுகள் வழக்கின் கட்சிக்காரர்களுக்கே போதாமல் இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்துகொள்ள, வழக்குக்காக வந்தவர்கள் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் “வர விருப்பமில்லை” என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். காரணம் கேட்காதீர்கள். தன் அப்பாவின் வழக்கு அதே கட்டடத்தில் நடக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

எந்த நீதிமன்றம் என்பதையும் செயலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு குற்ற வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டோ சிவில் வழக்குகளைப் பார்க்கும் முன்சீப் கோர்ட்டோ ஏற்றது. அங்கே சாட்சி விசாரணை தமிழில் நடக்கும். உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில் போகும். போக்சோ வழக்குகளும் பாலியல் வன்கொடுமை வழக்குகளும் மூடிய அறையில் நடப்பவை. குடும்ப நல நீதிமன்றத்தையும் சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தையும் கேட்கவே வேண்டாம். சாட்சி விசாரணைக் கட்டத்தில் இருக்கும் ஒரு வழக்கைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைய வழக்குப் பட்டியலை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு. அதை வைத்து அந்த வழக்கு கடந்து வந்த தேதிகளை வகுப்பிலேயே காட்டலாம். பெயர்களைக் கரும்பலகையில் எழுத வேண்டாம்.

பெரும்பாலான பயணங்கள் கெடுவது நேரத்தால்தான். நீதிபதி பத்தரை மணிக்கு அமர்வார். பத்தேகாலுக்குள் பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். முதலில் நடப்பது அழைப்பு வேலை: பெஞ்ச் கிளார்க் (நீதிமன்ற எழுத்தர்) வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, உதவியாளர் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார், கட்சிக்காரர் ஓடிவந்து கைகூப்புவார், வக்கீல் இரண்டு வார்த்தை சொல்வார், அடுத்த தேதி விழும். ஒரு வழக்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினொன்றரைக்கு வந்து சேரும் பேருந்து இதைத் தவறவிடும். விசாரணையின் நடுவில் முப்பது பேர் நுழைவது சாட்சியையும் குலைக்கும்.

கைபேசிகளைப் பேருந்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். படம் எடுக்கக் கூடாது. கைவிலங்கோடு யாரையாவது அழைத்துவந்தால் உற்றுப் பார்க்கக் கூடாது. அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே, குற்றவாளி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இதை முந்தைய நாளே சொல்லுங்கள்.

வாய்தா பற்றியும் முன்பே பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் “நீதிபதி தேதி மட்டும் போட்டார்” என்ற ஒரே நினைவோடு பிள்ளைகள் திரும்புவார்கள். சம்மன் சேரவில்லை, சாட்சி வரவில்லை, தடயவியல் அறிக்கை வரவில்லை, வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒவ்வொரு மாணவரும் ஐந்து வழக்குகளுக்குக் காரணம் குறித்துவரட்டும். இந்த ஒரு பயிற்சிக்காகவே பயணம் தகும்.

நீதிபதியோடு பேசும் நேரம் உணவு இடைவேளையிலோ மாலையிலோ அரை மணி கிடைக்கலாம். கேள்விகளை முன்பே எழுதி வாங்கி, பத்தாகச் சுருக்கி, செயலாளருக்கு அனுப்புங்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதி பேச மாட்டார், அரசியலும் பேச மாட்டார். “நீங்கள் தவறாகத் தீர்ப்பளித்தால் என்ன ஆகும்?” என்பது போன்ற கேள்விக்கு நல்ல பதில் வரும், மேல்முறையீடு எதற்கென்று அங்கேதான் புரியும். இலவச சட்ட உதவி யாருக்கு என்றும் கேட்கச் சொல்லுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். 15100 என்ற உதவி எண்ணை எல்லாரும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

திரும்பிய ஒரு வாரத்துக்குள் மாதிரி நீதிமன்றம் நடத்துங்கள். ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு போதும். நீதிபதி ஒருவர், பெஞ்ச் கிளார்க் ஒருவர், அரசு வழக்கறிஞர்கள் இருவர், எதிர்த்தரப்பு வக்கீல்கள் இருவர், குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர், சாட்சிகள் மூவர், விசாரணை அதிகாரி ஒருவர். ஒவ்வொரு சாட்சிக்கும் முதல் விசாரணை நான்கு நிமிடம், குறுக்கு விசாரணை ஐந்து நிமிடம். சாட்சிகளிடம் நடந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். வசனமாக எழுதினால் குறுக்கு விசாரணை செத்துப்போகும். திரைப்படப் பழக்கங்கள் தானாக நுழையும். நம் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. சாட்சி புத்தகத்தின் மேல் கைவைப்பதில்லை. கடவுள் பெயராலோ மனசாட்சிப்படியோ உறுதி சொல்கிறார். தீர்ப்பில் “சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு மாணவ நீதிபதி காரணங்களோடு எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தத் தீர்ப்பின் நகலை நன்றிக் கடிதத்தோடு செயலாளருக்கு அனுப்பி, அடுத்த ஆண்டு வகுப்புக்கான மூன்று தேதிகளையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.