நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணம்: கிலோமீற்றரைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

விடுமுறையில் ஊருக்கு வருபவர்கள் பலர் போடும் திட்டம் இதுதான். நுவரெலியாவில் இரண்டு நாள், மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம். வரைபடத்தில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். கனடாவிலோ ஜேர்மனியிலோ அது நாலு மணித்தியால ஓட்டம். இங்கே முழு நாள். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் இரண்டு நாள் என்றே வையுங்கள். தம்புள்ளையில் ஓர் இரவு தங்கினால் உடம்பு முறியாது.

நேரத்தைத் தின்பது முதல் துண்டு. லபுக்கலை, றம்பொடை, புஸ்ஸல்லாவ, கம்பளை வழியாகக் கண்டிக்கு 80 கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். 1,868 மீற்றர் உயரத்திலிருந்து சுமார் 500 மீற்றருக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதை. முன்னால் மரக்கறி லொறி ஒன்று அகப்பட்டால் அதன் பின்னால் ஊர வேண்டியதுதான்.

ஒருமுறை அந்த இறக்கத்தில் காருக்குள் கருகிய வாடை வந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து வருகிறது என்று நினைத்தேன். எங்கள் பிரேக். ஓட்டியது வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான். ஓட்டோமற்றிக் கார், வழக்கமான டி (டிரைவ்) கியரில் போட்டுவிட்டு மேலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்திருந்தான். ஓரங்கட்டி நின்றபோது ஒரு லொறிச் சாரதி இறங்கி வந்து சில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி." அவ்வளவுதான் பாடம். ஓட்டோமற்றிக்கில் எல், ஹைபிரிட்டில் பி என்று இருப்பது, பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான். பிரேக் சூடேறிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். அப்புறம், ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வாகனத்துக்குத்தான் வழி.

இருட்டில் இறங்க வேண்டாம். 2025 மே மாதம் இதே பாதையில், கெரண்டி எல்லவில், அதிகாலை நேரம் ஒரு பயணிகள் பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விடிந்து பனிமூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, ஏழு மணி போலப் புறப்படுவது நல்லது. கடும் மழை பெய்திருந்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்தவர்கள் இதை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

ஓகஸ்டில் வருகிறீர்களா? நல்லூர்த் திருவிழா 25 நாள். தலதா மாளிகை ஊர்வலமான கண்டிப் பெரஹராவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். யாழ்ப்பாணத்தில் அறையை முன்கூட்டியே எடுங்கள்; பெரஹரா நாட்களில் பின்னேரம் கண்டி நகருக்குள் நுழையாதீர்கள். பேராதனையிலிருந்து ஹல்லொலுவ வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைப் பிடிக்கலாம். அக்குறணையில் எப்படியும் நெரிசல்தான்.

மாத்தளை தாண்டினால் வெக்கை தொடங்கும். சுவெற்றரைக் கழற்ற வேண்டிவரும்; மெல்லிய மாற்றுடுப்பைப் பெட்டியின் அடியில் வைக்காமல் மேலேயே வையுங்கள்.

வவுனியாவுக்கு அப்பால் வீதி நேராக ஓடும். ஆபத்து அங்கே வேறு விதம்: சாரதிக்கு நித்திரை, வீதியில் மாடு. பொழுதுபட்ட பிறகு கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. இன்னொன்று, இலண்டனில் எதிரே வருபவர் லைற் அடித்தால் 'நீங்கள் போங்கோ' என்று அர்த்தம். இங்கே 'நான் வாறன், நில்லு'. இதை மாற்றி விளங்கிக்கொண்டு வளைவில் திருப்பியவர்கள் உண்டு.

நீங்களே ஓட்டுவதென்றால் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதலோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரமோ வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கலாம். என்னைக் கேட்டால், சாரதியோடு வான் எடுங்கள். ஆனால் அவருக்கும் படுக்க ஓர் அறை கேட்டு எடுங்கள். முதல்நாள் இரவு வானுக்குள் சுருண்டு படுத்தவரை நம்பித்தான் மறுநாள் குடும்பமே ஏறுகிறது. பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. இரண்டையும் தொலைபேசியில் போட்டுவையுங்கள்.

கிளிநொச்சிக்கு முன்னால் வரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கச் சொல்லத் தேவையில்லை, சாரதியே நிறுத்துவார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் சுடச்சுட ஒரு சரை கச்சான். சாரதி முகம் கழுவி ஒரு பிளேன்டி குடித்து முடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போக அங்கிருந்து இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது.