127 பகா எண்ணா? பென்சிலால் கண்டுபிடிக்கலாம்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் மூன்றாம் படிவப் பிள்ளை, “இதை யாரு அக்கா வகுத்துப் பார்த்தது?” என்று கேட்டாள். ஒவ்வொரு எண்ணாக யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண்ணா என்று சொல்லும் லூக்காஸ்-லெமர் சோதனைதான் அதை உறுதி செய்தது. அந்த எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. நாம் அதன் சின்னத் தங்கையான 2⁷ − 1, அதாவது 127-ஐ எடுத்துக்கொள்வோம்.

கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டுக் கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். தவறு எந்த வரியில் நுழைந்தது என்பது நோட்டில்தான் தெரியும்.

சோதனை இதுதான். முதல் வரியில் 4. அதன் வர்க்கத்தில் 2-ஐக் கழித்தால் 14. மறுபடியும் அதே வேலை: 196 − 2 = 194. இது 127-ஐத் தாண்டிவிட்டது. 127-ஆல் வகுத்து மீதி 67-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 67. வர்க்கம் 4489, இரண்டு போக 4487. இதற்கு நீள வகுத்தல் வேண்டாம். 128-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். ஒவ்வொரு 128-இலும் 127 போக ஒன்றுதானே மிஞ்சும்! ஈவு 35, மீதி 7. கூட்டினால் 42.

42-க்கு 1762. ஈவு 13, மீதி 98. கூட்டினால் 111.

111-க்கு 12319. ஈவு 96, மீதி 31. கூட்டினால் 127.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கடைசியில் 0 வந்தால்தான் பகா எண். எனக்கு 127 வந்து நின்றது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வாசலில் போய்க்கொண்டிருக்க, இரண்டு சாயங்காலம் அழித்து அழித்து எழுதினேன். அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. கணக்கில் தவறே இல்லை. 127-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 0! ஆக, 127 பகா எண்.

எத்தனை முறை செய்வது? அடுக்கில் இரண்டு குறைவு. 7-க்கு ஐந்து முறை. தொடக்கத்து 4-ஐ எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

சரி, அப்புறம் 2¹¹ − 1, அதாவது 2047-ஐ நீங்களே செய்து பாருங்கள். ஒன்பதாவது முறை 1736 வர வேண்டும். பூஜ்யம் இல்லை, அதனால் பகா எண் இல்லை. அது 23 × 89 என்பதை இந்தச் சோதனை சொல்லாது. காரணி தேடி வகுக்காமலே முடிவு சொல்வதுதான் இதன் அழகு. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் 1876-இல் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று கையாலேயே நிறுவியது இந்த வழியின் மூல வடிவத்தில்தான்.

பிற்சேர்க்கை: 3-க்குச் செய்தால் மீதி 1 வருகிறதே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 3 என்பது 2² − 1. அடுக்கு 2-க்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஒற்றைப்படைப் பகா எண்ணாக உள்ள அடுக்குகளுக்கு மட்டுமே.

இன்னொருவர் எக்செலில் 2³¹ − 1-ஐப் போட்டு 0 வரவில்லை என்றார். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. இங்கே வர்க்கம் 19 இலக்கம் வரை போகும். அதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் பயன்படுத்துங்கள். முழு எண் எவ்வளவு நீளமானாலும் ஓர் இலக்கம்கூட விடாமல் வைத்துக்கொள்ளும்.